சுக்குசாமி எருமேலிக்கு நடந்த கதை

ராமரைப் பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். அத்தனை வருடத்தில் அவனைப் பற்றி நல்லதாக ஒன்று நினைக்க அவன் எனக்கு வாய்ப்பே தந்ததில்லை. சுவர் பூசுகிற வேலை. கரண்டியைப் பிடித்தால் கை நன்றாகத்தான் ஓடும். ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் கை ஓடும், மீதி நாலு நாள் வாய் ஓடும். காக்கநாட்டில் கண்ணாடி பதித்த கட்டடம் எதைக் காட்டினாலும் அதில் பாதி தன் கையால் எழும்பியது என்பான். அந்தக் கட்டடங்களின் காவல்காரர்கள் இன்று அவனை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

அவன் பெண்டாட்டி மாடத்தி வேறு ரகம். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நான் மேற்பார்வை பார்க்கிற சுக்குக் கிட்டங்கியில் அவளுக்கு வேலை. காலையில் முற்றத்தில் சுக்கைப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிட்டு, சாயங்காலம் முறத்தில் புடைத்து, பெரிது சிறிது பிரித்துச் சாக்கில் கட்டுவாள். சுக்குத் தூசி மூக்கில் ஏறினால் புதிதாக வருகிறவர்கள் தும்மித் தும்மியே ஓடிப்போவார்கள். இவள் முந்தானையை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு ஐம்பத்து மூன்று வயதிலும் இரண்டு பேர் வேலையைச் செய்வாள். வைப்பின் தீவுப் பக்கம் வானம் கறுத்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி முற்றத்தை வாரியிருப்பாள்.

நான் இங்கேயே பிறந்த தமிழன். தமிழைவிட மலையாளம் எனக்கு வேகமாக வாசிக்க வரும். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதே என் வழக்கம். ஆனாலும் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கிற எட்டு அறைகளில் முதல் அறை எனக்கு, கடைசி அறை அவர்களுக்கு. நீலகண்டன் என்ற என் பெயரை மாடத்தி ஒருநாளும் சொன்னதில்லை, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், மகா. வைப்பினில் படகு வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டிக்கொடுத்து ஏழு வருடம் பிள்ளை இல்லை. போன வருடம் மாடத்தி ஐயப்பனிடம் நேர்ந்துகொண்டாள். மகா வயிற்றில் ஒரு பிள்ளை தங்கினால், தன் வீட்டிலிருந்து மாலை போட்ட ஒருத்தரைக் கொச்சியிலிருந்து எருமேலி வரைக்கும் நடத்தியே அனுப்புவதாக. பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாடத்திக்கு அந்த நேர்ச்சை ஒன்றுதான் உலகத்தில் பிடித்துக்கொள்ள இருந்த கயிறு. நேர்ச்சை முடங்கினால் பிள்ளை தங்காது என்று அவள் நம்பினாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் பயத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது.

கார்த்திகை ஒன்றாம் தேதி ராமருக்கு இசக்கிமுத்து குருசாமி மாலை போட்டுவிட்டான். இசக்கிமுத்து வெளி என்கிற பகுதியில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவன். இருபத்திரண்டு தடவை மலை ஏறியவன், அந்த இருபத்திரண்டையும் தினம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாமல் எவன் சட்டையையும் தேய்த்துக் கொடுக்கமாட்டான். ராமருக்கு மாலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நேற்றுவரை நாய்க்குச் சமமாக நடத்தியவர்கள் எல்லாம் சாமி, சாமி என்றார்கள். மாடத்தி விடியுமுன் குளித்துத் தனி அடுப்பில் பொங்கினாள். முதல் சோறு அவனுக்குத்தான். பத்தொன்பது நாள் அவன் ஒழுங்காக இருந்தான்.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீட்டு வேலை முடிந்ததற்குக் காண்ட்ராக்டர் பகலில் பிராந்தியும் கோழியும் வைத்தான். மாலையோடு குடிக்கக் கூடாது. கழற்றி ஆணியில் மாட்டினால் விரதம் முறிந்துவிடும். ராமர் யோசித்தான். அவன் யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒன்றே போதும். கிட்டங்கியில் சுக்கு மூட்டைமேல் படுத்துக் கிடக்கிற நாய் ஒன்று உண்டு. காய்ந்த நிறம், அதனால் பெயரும் சுக்கு. மாடத்தி கையால் தின்று வளர்ந்தது. ராமர் தன் மாலையைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டுவிட்டு, சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று குடிக்கப் போய்விட்டான்.

போனவன் அங்கேயே கவிழ்ந்து தூங்கிவிட்டான். நாய் ஐயப்பன் டாலர் ஆட பஜார் ரோடு முழுக்க நடந்து, ஆறு மணிக்கு இசக்கிமுத்துவின் பஜனைப் பந்தலுக்குள் நுழைந்து, முன்வரிசையில் உட்கார்ந்தது. சரணம் பாதியில் நின்றது. நான் அங்கேதான் இருந்தேன், சுண்டலுக்காகப் போயிருந்தேன். என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. மாடத்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

மறுநாள் விசாரணை. ராமர் தலை கவிழ்ந்து நின்றாலும் வாய் கவிழவில்லை.

"ஆணியில மாட்டுனாத்தான குத்தம். ஒரு உசுரு கழுத்துல கெடந்தா விரதம் முறியாதுன்னு நெனச்சேன், குருசாமி. மாலை கீழ விழலையே."

வேறு கழுத்துக்குப் போன மாலை திரும்பி வராது என்று இசக்கிமுத்து தீர்ப்புச் சொன்னான். எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாயிடமிருந்து கழற்றினால் அதற்கும் விரதபங்கம், அந்தப் பாவமும் இந்த வீட்டுக்குத்தான் வரும். ஆகவே இனி சுக்குதான் சாமி. சுக்குதான் எருமேலிக்கு நடக்க வேண்டும், ராமர் கூடப் போய்ப் பணிவிடை செய்ய வேண்டும். மலைக்குக் குழு வேனில் போகும், வரும்போது எருமேலியில் இருவரையும் ஏற்றிக்கொள்ளும். இருபத்திரண்டு தடவை போன மூளை இதைக் கண்டுபிடித்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து நாய்க்குத் தயிர்ச்சோறு. மட்டாஞ்சேரியில் மீன்தலை கிடக்காத சந்து கிடையாது. மாடத்தி பகலில் களத்திலும் சாயங்காலம் வாசலிலும் கட்டிப்போட்டு, குளிப்பாட்டி, சோறு வைத்தாள். அது ராமரைவிட ஒழுங்காக விரதம் இருந்தது. ராமர் விரதம் போன துக்கத்தில் தினமும் குடித்தான்.

மார்கழி பிறந்ததும் மாடத்தி என்னிடம் வந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள், அதனால் பெரிய விஷயம் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, அவுகள நம்பி நாயை அனுப்ப முடியாது. நானே போயிருவேன், மகாவ யாரு பாப்பா? நீங்க ஒருத்தர் கூடப் போனீயன்னா எனக்கு நெஞ்சு ஆறும். வழியில என்ன நடந்தாலும் உள்ளதச் சொல்லுவீய."

எனக்கு அது பெருமையாக இருந்தது. அதை ஒளிக்கவில்லை. அந்த எட்டு அறையில் நம்பத்தக்க ஒரே ஆள் நான்தான் என்று நானே பல நாளாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் வாயால் கேட்டேன். முதலாளியிடம் ஆறு நாள் லீவு சொன்னேன்.

விடியற்காலையில் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். தோப்பும்படி பாலம் தாண்டி, தீவு தாண்டி, தேவரைக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரிப் புகை மூக்கை அடைத்தது. சுக்கு பச்சை நைலான் கயிற்றில் முன்னால் போயிற்று. குண்டன்னூரில் ராமர் கால் எரிகிறது என்றான். நாங்கள் நடந்தது அதுவரை எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தந்த ஊர் நாய்கள் கூட்டமாக வந்து வழிமறித்தன. சுக்கு வாலைத் தாழ்த்தி, ஒரு பக்கமும் பார்க்காமல், சண்டைக்கு நிற்காமல் கடந்தது. ராமர் மட்டும் ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் போனான்.

திருப்பூணித்துறை தாண்டியதும் புகை குறைந்தது. உதயம்பேரூரில் ஒரு வீட்டுக்காரி நாய் கழுத்தில் மாலையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் நேந்திரம்பழம் மூன்று கொண்டுவந்தாள், மூன்றாவது பழம் நாய்க்கு. சுக்கு தோலோடு தின்றது. பூத்தோட்டையில் ஒரு பூட்டிய கடையின் வராந்தாவில் படுத்தோம். ராமர் இரவு முழுக்கக் காலைப் பிடித்து முனகினான். நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கியது.

மறுநாள் வைக்கம் தாண்டிக் கிழக்கே நடந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல், வாத்துக் கூட்டம், அதற்கப்பால் தென்னை. விடியலில் ஒரு தூறல் போட்டிருந்தது. பத்து மணிக்கே வெயில் அந்த ஈரத்தை எல்லாம் ஆவியாக முகத்தில் அடித்தது. கறுப்பு வேட்டிக் கூட்டங்கள் சரணம் சொல்லி எங்களைத் தாண்டிப் போயின. ராமர் நொண்ட ஆரம்பித்தான். ஒரு வளைவில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் கள்ளு ஷாப்பு. ராமருக்கு நொண்டல் நின்றது.

"தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சிட்டு வந்திருதேன் அண்ணாச்சி."

கால் மணி நேரம் ரோட்டில் நின்றேன். பிறகு நாயைக் கமுகு மரத்தில் கட்டிவிட்டு, அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவரலாம் என்று உள்ளே போனேன். அவன் முன்னால் ஒரு குடுவை இருந்தது, பக்கத்தில் கப்பைக்கிழங்கும் தாறாவுக் கறியும் இருந்தன. தாறாவு என்றால் வாத்து, மிளகு தூக்கலாக வைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடியது. மாலை போட்டது நாய், விரதம் நாய்க்கு, பணிவிடை ராமருக்கு, எனக்கு இதில் என்ன என்று ஒரு கணக்குப் போட்டேன். அன்று மாலையைக் கழற்றும்போது ராமர் போட்ட கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்தேன். கள் நன்றாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் கமுகு மரம் இருந்தது, நாய் இல்லை.

கறி சமைக்கிற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பறவூர்ப் பக்கத்திலிருந்து நடந்து போகிற ஒரு கூட்டம் வந்ததாம். மாலை போட்ட சாமியை ஷாப்பு வாசலில் கட்டிப்போட்ட பாவி யார் என்று திட்டிவிட்டு, அவர்களே அவிழ்த்துக் கூட்டிப் போய்விட்டார்களாம். எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று ராமர் சத்தம் போட்டான். கூப்பிட்டேன், நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். பாடியது நான் இல்லை என்று சொல்ல ஆசைதான். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

பொழுது சாயும் வரை தேடினோம். கள் ஏறிய நடையில் எங்களால் எந்தக் கூட்டத்தையும் பிடிக்க முடியவில்லை. ராமர் ஒரு மதகின்மேல் உட்கார்ந்து அழுதான். அழுகையிலும் நாயைப் பற்றி ஒன்றும் இல்லை, மாடத்தி கேட்டால் என்ன சொல்வது என்பதுதான்.

"எல்லாக் கூட்டமும் எருமேலிக்குத்தான வரணும். நாம பஸ்ஸுல முன்னாடி போய் உக்காந்துக்கிடுவோம். நாய் வந்ததும் பிடிச்சிருவோம். நடந்தோம்னே இருக்கட்டும்."

இதைவிடக் கேவலமான யோசனை இருக்க முடியாது. மறுநாள் காலை நான்தான் முதலில் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட் பிடித்தேன். ராமருக்கு மலையாளம் வாசிக்க வராது. வழியில் வருகிற ஊர்ப் பெயரையும் கோயில், பள்ளிக்கூடம், பாலத்தின் பெயரையும் படித்துச் சொல்லுங்கள், வீட்டில் கேட்பார்கள் என்றான். படித்துச் சொன்னேன். ரப்பர் மரங்களில் சிரட்டை கட்டியிருந்ததையும் கேட்டுக்கொண்டான்.

எருமேலியில் ஓர் அறை எடுத்துக் காத்திருந்தோம். உடம்பெல்லாம் வர்ணப்பொடி பூசி, மர அம்பு பிடித்துப் பேட்டை துள்ளுகிறவர்கள் தெருவில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் புரோட்டா தின்றோம். மறுநாள் மாடத்தி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்றாள். பாலா டவுனுக்கு வந்துவிட்டோம், சுக்கு நன்றாக நடக்கிறது என்றான் ராமர். பாலாவா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு சரி என்று வைத்துவிட்டாள். மகா எப்படியிருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் மதியம் அந்தக் கூட்டம் வந்தது. பதினோரு பேர். எல்லோருக்கும் முன்னால் சுக்கு. கயிறு இல்லை, மாலை இருந்தது. இரண்டு முன்னங்கால்களிலும் மஞ்சள் அப்பித் துணி சுற்றியிருந்தார்கள். ராமர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். நாய் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தது. என்னிடம் வரவே இல்லை. அவர்களுடைய குருசாமி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். நல்ல வேட்டி கட்டியிருந்த எழுபது வயசுக்காரர். நாய் வழியில் நின்றால் நாங்களும் நின்றோம், அது எழுந்தால் எழுந்தோம், தளர்ந்தால் எங்கள் பையன்கள் மாறிமாறித் தூக்கினார்கள் என்று மட்டும் மலையாளத்தில் சொன்னார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டும் அளவுக்கு எங்களை அவர் மதிக்கவில்லை.

இசக்கிமுத்துவின் வேன் மலையிலிருந்து இறங்கி எங்களை ஏற்றிக்கொண்டது. வேன் நகர்ந்ததுமே ராமர் கதையை ஆரம்பித்துவிட்டான். மட்டாஞ்சேரி வந்து சேரும்போது கதை நன்றாக வெந்திருந்தது.

அறைகளின் முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். வாசல் ஓரமாக இழுத்துப்போட்ட கட்டிலில் மகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாடத்தி சருவத்தில் தண்ணீர் வைத்திருந்தாள், நடந்து வந்த சாமியின் காலைக் கழுவித்தான் உள்ளே அழைப்பது வழக்கம். ராமர் உட்காராமலே சொன்னான். ஏற்றுமானூரில் கோயில் வாசலில் படுத்தது, பாலாவில் மழையில் நனைந்தது, பொன்குன்னத்தில் பள்ளிக்கூட வராந்தா, மணிமலை ஆற்றில் குளித்தது, நாய்க்குக் கால் வெடித்ததும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியது. இடையில் ரப்பர் சிரட்டையும் வந்தது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இசக்கிமுத்து இதெல்லாம் தன் ஆசீர்வாதம் என்பதுபோல் நின்றான். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லையே, சொல்கிறவன் அவன்தானே என்று இருந்தேன்.

மாடத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எல்லாரும் நடந்தீயளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமரும் பார்த்தான். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாரும்தான் நடந்தோம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மகா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். மாடத்தி அதை என்னிடம் நீட்டினாள்.

"மூணு நாளா இந்த வீடியோ ஓடுது. நாங்க கண்டது பாதி, புரிஞ்சது பாதி. உங்களுக்குத்தான் மலையாளம் நல்லா வருமே. என்ன சொல்லுதான்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

பதினோரு வருடம் மட்டாஞ்சேரியில் இருக்கிறவளுக்கு அந்த மலையாளம் புரியாமல் இல்லை. போனில் சுக்கு ரப்பர்த் தோட்டத்து ரோட்டில் நடந்து வந்தது. பக்கத்தில் ஒரு பையன் குரல் பேசியது. நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். இது எங்கள் கன்னிச்சாமி. வைக்கத்துக்குக் கிழக்கே ஒரு கள்ளு ஷாப்பு வாசலில் கட்டிக் கிடந்தது. கூட வந்த இரண்டு பேர் உள்ளே குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயிருந்து இது எங்களோடு நடக்கிறது. இதன் வீட்டில் யாராவது பார்த்தால் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு பேர் என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. இசக்கிமுத்து கேட்கவில்லை, திரும்பச் சொல்லு என்றான். திரும்பச் சொன்னேன்.

மாடத்தி குனிந்து சுக்குவின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நாலு பாதத்தையும் ஒவ்வொன்றாகச் சருவத்துத் தண்ணீரில் வைத்துக் கழுவினாள். வெடிப்புக்குள் இருந்த மணலை விரல் நுனியால் எடுத்தாள். நாய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. சரணம் சொல்லி, அதன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நேர்ச்சை தீந்துட்டுது மகா. நடக்க வேண்டிய சாமி நடந்துட்டு. பிள்ளைக்கு ஒண்ணும் வராது, நீ உள்ள போய்ப் படு."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ராமர் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு காலை முன்னால் நீட்டினான்.

"ரெண்டு நாளு நானும் நடந்துதான இருக்கேன் ஏட்டி."

"ரெண்டு நாளைக்கு நான் யாருக்கும் நேரலயே. காலை உள்ள இழும்."

தலைவாழை இலையை நாய்க்கு முன்னால் போட்டாள். சோறு, பருப்பு, பப்படம், பாயசம். ராமர் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து நாய்க்குப் பரிமாறினார்கள். இசக்கிமுத்துவும் குனிந்து ஒரு கரண்டி பாயசம் விட்டான்.

என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயா கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். குடித்துவிட்டுப் போங்கள் அண்ணாச்சி, நாளைக்குக் களத்தில் வேலை நிறையக் கிடக்கு என்று எப்போதும் போலச் சொன்னாள். ராமருக்குக் கிடைத்த ஏச்சு எனக்கும் கிடைத்திருக்கலாம் என்று இருந்தது. சாயாவைத் தொடாமல் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். கால் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.